பசங்க மனசு சரியில்லைன்னா ஊர்ல நாம என்ன பண்ணலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க ஊர்ல ராத்திரி படிப்பகம் ஒண்ணு நடக்குது, பத்தாவது பன்னெண்டாவது பசங்களும் காலேஜ் போற கொஞ்ச பேரும் வருவாங்க, நான் அங்க ஆறு வருஷமா கூட உக்காந்திருக்கேன். டாக்டர் கிடையாது, கவுன்சிலிங் படிச்சவனும் கிடையாது. ஒரு ரெண்டு நாள் பயிற்சிக்குப் போயிருக்கேன், மத்ததெல்லாம் பசங்க கூட இருந்தும் டாக்டருங்க கிட்ட கேட்டும் தெரிஞ்சுக்கிட்டது. அம்மாங்க, வாத்தியாருங்க, இளைஞர் மன்றத்துக்காரங்கன்னு எல்லாரும் அதே கேள்விங்களைத்தான் திரும்பத் திரும்ப கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். அவசரத்துல வந்து படிக்கிறவங்களுக்கு மொதல்லயே சொல்லிடுறேன்: அரசோட மனநல உதவி எண் 14416, இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

மனநலம்னு சொன்னாலே பைத்தியம்னுதானே ஊர்ல நினைக்கிறாங்க?

ஆமா, இன்னும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நாம சின்ன வயசுல ஒருத்தனை ஒருத்தன் "கீழ்ப்பாக்கம் கேஸு"ன்னு கிண்டல் பண்ணித்தானே வளந்தோம். அந்த கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி 1794-ல ஆரம்பிச்சது, இன்னைக்கு அதோட ஓபி-ல போய் பாத்தீங்கன்னா தூக்கம் வராதவங்க, காரணமில்லாம படபடப்பு வர்றவங்க, குடியை விட வந்தவங்கன்னு நம்மளை மாதிரி ஆளுங்கதான் சீட்டு வாங்கிட்டு வரிசையில நிக்கிறாங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல 10-லேர்ந்து 19 வயசுக்குள்ள இருக்கிறவங்கள்ல ஏழு பேர்ல ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருக்கு. நம்ம ஸ்கூல்ல ஒரு கிளாஸ்ல 42 பேர்னா ஆறு பேருன்னு வச்சுக்கோங்க. அந்த ஆறு பேர்ல எத்தனை பேரை நமக்குத் தெரியும்னு நான் அடிக்கடி யோசிப்பேன். நிறைய பேருக்கு இந்தப் பிரச்சனைங்க 14 வயசு வாக்குலயே தலைகாட்டிடுது, நாம கவனிக்கிறதுக்கு பல வருஷம் ஆயிடுது.

வயசுக்கோளாறு, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு விடுறதா, கவலைப்படறதா? எப்படி கண்டுபிடிக்கிறது?

மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிறது, கதவை சாத்திக்கிறது, அப்பா கூட முட்டிக்கிறது, இதெல்லாம் அந்த வயசுல வரும் போகும். நான் பாக்குறது ரெண்டே விஷயம். ஒண்ணு, எத்தனை நாளா. ரெண்டு வாரத்துக்கு மேல ஒரே மாதிரி போச்சுன்னா விடாதீங்க. ரெண்டாவது, அந்தப் புள்ளை முன்னாடி ஆசையா செஞ்சது எது, அது இப்ப நின்னு போச்சா. கிரிக்கெட்டுக்காக சோத்தை விட்டுட்டு ஓடுனவன் பேட்டைத் தொடவே மாட்டேங்குறான், கோலம் போட நோட்டு வச்சிருந்த பொண்ணு மார்கழியில கூட எந்திரிக்கல, இது சோம்பேறித்தனம் இல்லைங்க.

தூக்கமும் சாப்பாடும் காட்டிக்குடுத்துடும். டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வருதா பாருங்க. நம்ம பசங்க "எனக்கு மனசு கஷ்டமா இருக்கு"ன்னு சொல்லவே மாட்டாங்க, தலைவலிம்பாங்க, வயித்தைப் பிசையுதும்பாங்க, திங்கக்கிழமை காலைல மட்டும் வாந்தி வரும், ஸ்கேன் எடுத்தா ஒண்ணுமே இருக்காது. நடிக்கிறான்னு நினைச்சுடாதீங்க, வலி நிஜமாவே இருக்கும். ஆம்பளைப் பசங்க கிட்ட அழுகையை விட கோபமாத்தான் வெளிய வரும், சின்ன விஷயத்துக்கு கைகலப்பு, பைக்கை வெறிபுடிச்ச மாதிரி ஓட்டுறது, திடீர்னு குடிக்க ஆரம்பிக்கிறது. ஊரே அவனை ரவுடின்னு பேர் வச்சு ஒதுக்கிடும், பாதி நேரம் அவனுக்கு ராத்திரி தூக்கமே இருந்திருக்காது.

யாருமே பேசாதப்ப குரல் கேக்குது, எல்லாரும் என்னை வேவு பாக்குறாங்கங்கிற மாதிரி சொன்னா ரெண்டு வாரம் எல்லாம் காத்திருக்காதீங்க, உடனே டாக்டர்.

கேட்டா "ஒண்ணுமில்ல"ங்கிறான். எப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறது?

எங்க படிப்பகத்துல பதினொண்ணாவது படிச்ச ஒரு பையன் வாலிபால் ரொம்ப நல்லா ஆடுவான். ஒரு மாசமா கிரவுண்டுக்கு வர்றான் ஆனா ஆட மாட்டேங்குறான். நெட் கட்டுற கம்பத்துக்குப் பக்கத்துல உக்காந்து, மத்தவங்க கழட்டிப்போட்ட செருப்பை எல்லாம் ஜோடி ஜோடியா சேத்து வரிசையா அடுக்கிட்டு இருப்பான், பந்து வந்து கலைச்சுதுன்னா மறுபடியும் அடுக்குவான். எல்லாரும் பாத்தோம், யாருக்கும் ஒண்ணும் தோணல. ஒருநாள் நானும் போய் பக்கத்துல உக்காந்து கூட சேந்து அடுக்குனேன். ஏன்டா ஆடலைன்னு கேக்கல. மூணாவது நாளோ நாலாவது நாளோ அவனா சொன்னான், "அண்ணா எனக்கு தூக்கமே வர மாட்டேங்குதுண்ணா". அப்பா வாங்குன கடன், வாரா வாரம் வாசல்ல வந்து சத்தம் போடுற ஆளுங்க, அம்மா அடுப்படியில உக்காந்து அழறது, தங்கச்சிக்கு தெரியாம இவன் கதவைச் சாத்துறது, எல்லாம் ஒரே மூச்சுல வந்துச்சு.

அப்ப என் வாய் வரைக்கும் வந்தது என்ன தெரியுமா, "இதெல்லாம் ஒரு விஷயமாடா, எங்க வீட்ல பாக்காத கடனா"ன்னு. அடக்கிக்கிட்டேன், இன்னைக்கு நினைச்சாலும் நல்ல வேளைன்னு இருக்கு. "ராத்திரி எத்தனை மணி வரைக்கும் முழிச்சிருப்ப?"ன்னு மட்டும் கேட்டேன், அதுக்கப்புறம் அவன் ஒரு மணி நேரம் பேசுனான். அடுத்த வாரம் ரெண்டு பேரும் பஸ் ஏறி ஜிஎச் போனோம்.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, எதிர்ல உக்கார வச்சு விசாரணை பண்ணாதீங்க. பக்கத்துல இருங்க, கைக்கு ஒரு வேலை இருக்கட்டும், வண்டியில பின்னாடி உக்காந்து போறப்ப, வெங்காயம் உரிக்கிறப்ப, மாட்டுக்கு தீவனம் போடுறப்ப, அப்பதான் பேச்சு வரும். ஆரம்பிக்கிறப்ப நீங்க கண்ணால பாத்ததை சொல்லுங்க, "கொஞ்ச நாளா நீ சரியா சாப்பிடலையே"ன்னு. "உனக்கென்ன குறை, நாங்க உன்ன மாதிரி இருக்கிறப்ப"ன்னு ஆரம்பிச்சா கதை அங்கேயே முடிஞ்சுது. அவன் பேசி முடிக்கிறதுக்குள்ள புத்திமதி சொல்லாதீங்க, நம்ம ஊர்ல இது ரொம்ப கஷ்டம்னு எனக்குத் தெரியும், புத்திமதி சொன்னாதான் பெரியவங்கன்னு நாம பழகிட்டோம்.

சாகணும்னு நினைக்கிறியான்னு நேரா கேட்டா, இல்லாத நினைப்பை நாமளே உண்டாக்குன மாதிரி ஆயிடாதா?

ஆகாது. இந்த பயம் எல்லாருக்கும் இருக்கு, ஆனா கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வர்றதில்லைன்னு இதுல வேலை செய்றவங்க எல்லாரும் ஒரே குரலா சொல்றாங்க. ஏற்கனவே மனசுக்குள்ள வச்சு தவிச்சுட்டு இருக்கிறவனுக்கு, ஒருத்தராவது கேட்டாங்களேன்னு மூச்சு விட ஒரு வழி கிடைக்குது. சுத்தி வளைக்காம கேளுங்க. "ரொம்ப கஷ்டமா இருக்கிறப்ப செத்துடலாம்னு தோணுதா?"ன்னு கேக்கலாம். ஆமான்னு சொன்னா அலறாதீங்க, திட்டாதீங்க, அம்மா மேல சத்தியம் பண்ணுன்னு கேக்காதீங்க. தனியா விடாதீங்க, அவ்வளவுதான் அந்த நேரத்துல மொத வேலை. கூடவே உக்காந்து 14416-க்கு போடுங்க. அவன் பேச மாட்டேன்னா நீங்க பேசுங்க, கூட இருக்கிறவங்களும் கூப்பிடலாம். உடனே ஆபத்துன்னு தோணுச்சுன்னா 108-ஐக் கூப்பிட்டு பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

இன்னொண்ணு, வீட்ல வயலுக்கு வாங்கி வச்ச மருந்து, மாத்திரை டப்பா, இதையெல்லாம் அன்னைக்கே வேற வீட்டுக்கு மாத்துங்க, இல்ல பூட்டி சாவியை வேற ஆள் கிட்ட குடுங்க. அந்த வேகம் பல பேருக்கு கொஞ்ச நேரத்துல தணிஞ்சுடும், அந்த கொஞ்ச நேரத்துல கைக்கெட்டுற தூரத்துல எதுவும் இல்லாம இருந்தா உசுரு தங்கிடும். சென்னையில இருக்கிற சிநேகா அமைப்பு, டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல ஆரம்பிச்சது, அவங்க கடலூர் மாவட்டத்துல காட்டுமன்னார்கோவில் பக்கம் கிராமத்துல பொதுவான இடத்துல லாக்கர் வச்சு, ஒவ்வொரு விவசாயியும் பூச்சிமருந்தை அங்கேயே பூட்டி வச்சுக்கிட்டு தேவைப்படுறப்ப மட்டும் எடுத்துட்டுப் போற மாதிரி செஞ்சு பாத்தாங்க. ஊரா சேந்தா பண்ணக்கூடியதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல உதாரணம் இல்ல.

யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் கேட்டா?

உசுரு சம்பந்தப்பட்டதுன்னா சத்தியம் பண்ணாதீங்க. "உன்னை கேவலப்படுத்துற மாதிரி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உன்னைக் காப்பாத்த தேவைப்பட்டா ஒருத்தர் கிட்ட சொல்லுவேன், அது யாருன்னு நீயே சொல்லு"ன்னு கேளுங்க. சித்தியோ மாமாவோ டீச்சரோ ஒரு பேரை பெரும்பாலும் சொல்லிடுவாங்க. மத்த எல்லா விஷயமும், காதல், மார்க், வீட்டு சண்டை, அது உங்க கிட்டயே இருக்கட்டும். டீக்கடையில ஒரு தடவை வாய் தவறுனா ஊர்ல எந்தப் புள்ளையும் உங்க கிட்ட அப்புறம் வராது.

தற்கொலைக்கு முயற்சி பண்ணா போலீஸ் கேஸ் ஆயிடும்ல? அதுக்கு பயந்துதான் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகல.

இந்த பயத்துனால போன உசுரு நிறைய. தெளிவா சொல்றேன், 2017 மனநல சட்டத்தோட 115-வது பிரிவு, முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது, அவங்களுக்கு சிகிச்சையும் ஆதரவும் குடுக்க வேண்டியது அரசோட கடமைன்னும் சொல்லுது. தற்கொலை முயற்சியைக் குற்றம்னு சொன்ன பழைய தண்டனைச் சட்டத்தோட 309-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல வந்த புது சட்டத்துல கிடையாது. ஒரு அரசு ஊழியரை மிரட்டி அவர் வேலையைத் தடுக்குறதுக்காக முயற்சி பண்ணா மட்டும் தனியா ஒரு பிரிவு இருக்கு. ஆஸ்பத்திரியில போலீசுக்கு தகவல் சொல்லுவாங்க, வந்து நாலு கேள்வி கேப்பாங்க, அதுக்காக பயந்துகிட்டு வீட்லயே வச்சு கைவைத்தியம் பாக்காதீங்க.

எந்த நம்பருக்கு எதுக்கு கூப்பிடறது?

14416 மத்திய அரசோட டெலிமானஸ், போன்லயே மனநல ஆலோசனை சொல்ற சேவை, 2022 அக்டோபர் 10-ல ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுல "நட்புடன் உங்களோடு"ங்கிற பேர்ல நடக்குது. 104 நம்ம மாநில சுகாதார உதவி எண், நீட் சமயத்துலயும் ரிசல்ட் சமயத்துலயும் பசங்க கிட்ட பேசுறது இவங்கதான். சிநேகாவுக்கு 044-24640050. பதினெட்டு வயசுக்குக் கீழ, அடி உதை, பாலியல் தொல்லை, கல்யாணம் பண்ணி வைக்கப் பாக்குறாங்கன்னா 1098. லைன் கிடைக்கலைன்னா விட்டுடாதீங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடியும் போடுங்க, இல்ல இதுல அடுத்த நம்பர். எங்க படிப்பக கதவுல இந்த நாலு நம்பரையும் பெயிண்ட்ல எழுதிட்டோம். நோட்டீஸ் ஒட்டுனா மழையில போயிடுது.

ஆஸ்பத்திரின்னா எங்க போறது? நிறைய செலவாகுமா?

மாவட்ட தலைமை மருத்துவமனையிலயும் மெடிக்கல் காலேஜ்லயும் மனநலப் பிரிவு இருக்கு. டாக்டரும் மாத்திரையும் இலவசம். அவ்வளவு தூரம் போக முடியாதவங்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்து டீம் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் குறிச்ச நாள்ல வருவாங்க. எந்தக் கிழமைன்னு உங்க ஊர் நர்ஸம்மாவைக் கேட்டா சொல்லிடுவாங்க. கூட்டம் இருக்கும், காலைலயே போங்க, முடிஞ்சா கூட ஒருத்தர் போங்க, அந்த பெஞ்ச்ல தனியா உக்காந்திருக்கிறது ரொம்ப சங்கடமா இருக்கும்.

மாத்திரை போட்டா அடிமையாயிடுவாங்களான்னு கேப்பாங்க. மனச்சோர்வுக்கு குடுக்குற மாத்திரைங்க போதை மாத்திரை இல்லைங்க. ஆனா வேலை செய்ய ரெண்டு மூணு வாரமாவது ஆகும், சில பேருக்கு ஆறு வாரம் கூட ஆகும், நாலு நாள் போட்டுட்டு ஒண்ணும் கேக்கலைன்னு நிறுத்திடறாங்க, அதுதான் பிரச்சனை. ஆரம்பிச்ச முதல் சில வாரம் சின்னப் பசங்களை கொஞ்சம் கூடுதலா கவனிக்கணும், தவிப்பு அதிகமானா உடனே டாக்டர் கிட்ட சொல்லணும். நிறுத்துறதுன்னாலும் டாக்டர் சொல்லித்தான், படிப்படியா. எல்லாருக்கும் மாத்திரை வேணும்னும் இல்ல, நிறைய பேருக்கு பேச்சு சிகிச்சையே போதும்.

எங்க வீட்ல மொதல்ல கோயிலுக்கு, மந்திரிக்கத்தான் கூட்டிட்டுப் போறாங்க. சண்டை போடவா?

சண்டை வேண்டாம். சாமி மேல நம்பிக்கை இருக்கிறவங்களை எதிர்த்துப் பேசுனா அந்தப் புள்ளையை நம்ம கண்ணுலயே காட்ட மாட்டாங்க. கயிறும் கட்டுங்க மாத்திரையும் குடுங்கன்னு சொல்லுங்க. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டி வச்சிருந்த 28 பேர் ஓட முடியாம செத்துப் போனாங்க, அதை நம்ம தலைமுறை மறக்கக் கூடாது. அதே ஏர்வாடி தர்காவுலதான் இப்ப துவாவும் உண்டு மருந்தும் உண்டுன்னு, தொழ வர்றவங்களுக்கு பக்கத்துலயே மனநல டாக்டரும் பாக்குற மாதிரி ஏற்பாடு வந்துச்சு. கட்டி வைக்கிறது, அடிக்கிறது, பட்டினி போடறது, சூடு வைக்கிறது, இது எங்க நடந்தாலும் தடுக்கணும், அங்க மட்டும் சண்டை போடலாம்.

ரிசல்ட் வர்ற நாள்ல என்ன பண்றது?

2022-ல மட்டும் நாடு முழுக்க 13,044 மாணவர்கள் தற்கொலை பண்ணிக்கிட்டதா தேசிய குற்ற ஆவணக் காப்பகத்து கணக்கு சொல்லுது. காரணம் பரீட்சை மட்டும் இல்ல, வீடு, உடம்பு, காதல்னு பலதும் அதுல இருக்கு. ஆனா மே மாசம் வந்தாலே எனக்கு வயித்துல ஒரு கல்லு உக்காந்துக்குது.

ரிசல்ட்டை அந்தப் புள்ளை தனியா பாக்கக் கூடாது. எங்க பசங்களை அன்னைக்கு காலைலயே படிப்பகத்துக்கு வரச்சொல்லிடுவோம், இட்லி வாங்கி வச்சுடுவோம், போன்ல பாக்குறப்ப பக்கத்துல ஒருத்தர். பாஸானவன் கத்துறதுக்கு முன்னாடி ஃபெயிலானவன் யாருன்னு பாத்து அவன் கூட ஒருத்தர் உக்காந்துடணும். துணைத் தேர்வு ஜூன், ஜூலையிலயே வந்துடுது, அதே வருஷம் காலேஜ் சேரலாம், இதை ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே எல்லாரும் இருக்கிறப்ப சொல்லி வைங்க, அன்னைக்கு சொன்னா காதுல ஏறாது. சொந்தக்காரங்க போன் பண்ணி மார்க் கேட்டா அம்மா அப்பாவே பேசட்டும், புள்ளை கிட்ட போனைக் குடுக்காதீங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு எவ்வளவுன்னு அன்னைக்கு ஒருநாள் கேக்காம இருங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

விழிப்புணர்வு கூட்டம் போடலாம்னு இருக்கோம், நல்லதுதானே?

போடுங்க, தப்பில்ல. ஆனா பேனர் கட்டி, மைக் வச்சு, பொன்னாடை போத்தி, ரெண்டு மணி நேரம் பேசிட்டு கலைஞ்சு போறதால எந்தப் பையனும் வந்து மனசைத் திறந்து நான் பாக்கல. அந்தக் காசுல ஒரு டியூப்லைட்டும் ரெண்டு ஃபேனும் வாங்கி சாயங்காலம் பசங்க வந்து உக்கார ஒரு இடம் பண்ணுங்க.

பீகார்ல நாளந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகள்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2018-ல வெளியாச்சு. ஒரே திட்டத்தை சில ஸ்கூல்ல வாத்தியாரை வச்சு நடத்துனாங்க, சில ஸ்கூல்ல பயிற்சி குடுத்த சாதாரண ஆளுங்களை ஆலோசகரா போட்டு நடத்துனாங்க. அந்த சாதாரண ஆளுங்க இருந்த ஸ்கூல்ல பசங்களோட மனச்சோர்வு, கேலி கிண்டல், வன்முறை எல்லாம் நல்லா குறைஞ்சுது, வாத்தியார் நடத்துன இடத்துல பெருசா மாற்றமே இல்ல. வாத்தியாருங்களைக் குறை சொல்லல, அவங்களுக்கு ஏற்கனவே ஆயிரம் வேலை, அதோட மார்க் போடுற ஆள் கிட்ட யாரு மனசைத் திறப்பா? ஜிம்பாப்வேயில டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006-ல பாட்டிங்களுக்கு பயிற்சி குடுத்து ஆஸ்பத்திரி வாசல்ல மர பெஞ்சுல உக்கார வச்சார், வர்றவங்க பேசுவாங்க, பாட்டி கேப்பாங்க, அதுலயே நிறைய பேருக்கு குணமாச்சு. நம்ம ஊர் திண்ணையில நடந்ததுதானே இது, திண்ணையை இடிச்சு கேட் போட்டுட்டோம்.

அதனால ஊருக்கு ரெண்டு பேர் போதும். பொறுமையா கேக்கத் தெரிஞ்சவங்க, வெளிய பேசாதவங்க, ஒரு ஆணும் ஒரு பொண்ணும். தினம் அதே நேரம் அதே இடத்துல இருக்கணும், அதுதான் முக்கியம். மகளிர் குழுவுல ஒரு அக்கா இருப்பாங்க, மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா பிரஷர் பாக்கப் போறவங்க இருப்பாங்க, அவங்களுக்கு எந்த வீட்ல என்ன நடக்குதுன்னு தெரியும். காலேஜ்ல படிக்கிற பசங்களா இருந்தா அங்க மனநல நல்லாதரவு மன்றம் இருக்கான்னு கேக்கச் சொல்லுங்க. 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம், 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற எந்த இடத்துலயும் குறைஞ்சது ஒரு தகுதியான ஆலோசகர் இருக்கணும்னு சொல்லியிருக்கு, டியூஷன் சென்டருக்கும் அது பொருந்தும், பெற்றோர் கூட்டத்துல எந்திரிச்சு கேளுங்க.

ஒண்ணு மட்டும் வருத்தத்தோட சொல்றேன். அந்த இடத்துக்குள்ள எல்லா தெரு பசங்களும் வரணும். இந்தத் தெருப் பையன் அந்த கிரவுண்டுல காலை வைக்க முடியாதுன்னா, கையில கட்டுற கயிறு கலரைப் பாத்து பழகுறாங்கன்னா, அங்க போய் மனநலம் பேசுறதுல என்ன அர்த்தம்? நாங்குநேரியில 2023-ல ஒரு மாணவனை சாதி வெறியில கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டுனதுக்கு அப்புறம், பள்ளிக்கூடத்துல சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லச் சொல்லி நீதிபதி சந்துரு குழு அமைச்சு 2024-ல அறிக்கையும் குடுத்தாங்க. ஒவ்வொரு நாளும் அவமானப்படுற புள்ளைக்கு வர்ற தூக்கமின்மைக்கு மாத்திரை மட்டும் குடுத்தா போதாது.

பொண்ணுங்க எங்கயும் வர மாட்டாங்களே?

வர மாட்டாங்க இல்ல, விட மாட்டாங்க. எங்க படிப்பகத்துலயும் ஏழு மணிக்கு மேல ஒரு பொண்ணு கிடையாது. அதை மாத்த நாங்க பட்ட பாடு கொஞ்சமில்ல, கடைசியில தையல் கிளாஸ் நடத்துற ஒரு அக்கா வீட்டு மாடியில ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குன்னு ஆரம்பிச்சோம். துணி தைக்கப் போறேன்னு சொன்னா வீட்ல விடுறாங்க. அங்கதான் வெளிய வந்துச்சு, பன்னெண்டாவது முடிக்கிறதுக்குள்ள மாப்பிள்ளை பாக்குறது, போனைப் புடுங்கி வச்சது, பஸ்ல தினமும் ஒருத்தன் பண்ற தொல்லையைச் சொன்னா படிப்பை நிறுத்திடுவாங்கன்னு ரெண்டு வருஷமா சொல்லாம இருந்தது. பொண்ணுங்க விஷயத்துல சொன்னவங்களுக்கே தண்டனை குடுக்குறோம் நாம. அதை நிறுத்துனா பாதி நோய் போயிடும்.

போன்தான் எல்லாத்துக்கும் காரணமா?

எல்லாத்துக்கும் இல்ல. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குது, அது உண்மை, பதினோரு மணிக்கு மேல வீட்ல எல்லார் போனும், அப்பா போனும் சேத்து, ஹால்ல சார்ஜ்ல போட்டுடுங்க. காசு வச்சு ஆடுற கேம்ல மாட்டி கடன் ஆப்ல வாங்கி அதை அடைக்க இன்னொரு ஆப்ல வாங்கியிருந்தான்னா அவனை அடிக்காதீங்க, மொத்தம் எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லுங்க, மிரட்டுனா சைபர் கிரைம் 1930. கடன் தொகையை வெளிய சொன்ன அன்னைக்கே பல பேர் மூஞ்சி மாறிடுது.

இப்படி கேட்டு கேட்டு எனக்கே ராத்திரி தூக்கம் போகுது, நான் என்ன பண்றது?

எனக்கும் போச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரே மாசத்துல மூணு பசங்க விஷயம், சோறு இறங்கல, வீட்ல எரிஞ்சு விழுந்தேன். நானே 14416-க்கு போட்டேன், அந்தப் பொண்ணு குரல் இன்னும் ஞாபகம் இருக்கு, மொத கேள்வியே "நீங்க சாப்டீங்களா?"ன்னுதான் கேட்டாங்க. அதுலேர்ந்து நாங்க ரெண்டு பேர் வாரம் மாத்தி வாரம் உக்காருறோம், என் வாரம் இல்லாதப்ப படிப்பகப் பக்கமே போறதில்ல. செருப்பு அடுக்குன பையன் இப்ப ஐடிஐ முடிச்சுட்டு வேலைக்குப் போறான், லீவுல ஊருக்கு வந்தா சாயங்காலம் அங்க வந்து சின்னப் பசங்க பக்கத்துல உக்காந்துக்குறான், என் வாரத்தை சில சமயம் அவன் எடுத்துக்கிறான்.